கல்மரத்து ஊரில் பலாக்கன்று

ஆபீஸ்களுக்கென்றே சில ஜுரங்கள் உண்டு. தொண்ணூறுகளில் தேக்கு மரம். 'இன்று கொஞ்சம் போடுங்கள், இருபது வருஷம் கழித்து அள்ளுங்கள்' என்று பேப்பரில் விளம்பரம் வரும். போட்டவர்கள் போட்டார்கள், அள்ளியவர்கள் வேறு யாரோ. அப்புறம் ஈமு கோழி. 2012-ல் அந்தக் கோழிகள் தீவனமில்லாமல் கொட்டகையில் நின்ற போட்டோக்களைப் பார்த்ததிலிருந்து எங்கள் ஆபீஸில் கொஞ்ச காலம் யாரும் எதையும் வளர்க்கவில்லை, தொப்பையைத் தவிர.

இப்போது பலா.

வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது, பார்த்திருப்பீர்கள். இடுப்பு உயரச் செடி. அதில் செடியை விட கனமாய் ஒரு பலாப்பழம் தொங்குகிறது. தொங்குகிறது என்ன, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே 'வியட்நாம் சூப்பர் எர்லி - ஒன்றரை வருஷத்தில் காய்ப்பு!' என்று கொட்டை எழுத்து. எங்கள் பில் செக்ஷன் நண்பர் அந்தப் போட்டோவை ஒரே நாளில் ஏழு பேரிடம் காட்டிவிட்டு எட்டாவதாக என்னிடம் வந்தார்.

"சார், நாப்பது கன்னு சொல்லி வெச்சிருக்கேன். சனிக்கிழமை பெரம்பலூர் பைபாஸ்ல வண்டி வந்து நிக்குமாம். நீங்களும் வர்றீங்க."

"நான் எதுக்குப்பா?"

"உங்க அம்மா ஊரு ஆண்டிமடம் பக்கம்னு சொன்னீங்களே. நீங்க பலாவிலேயே பொறந்து வளர்ந்தவரு!"

நான் பிறந்தது கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில். இருந்தாலும் கிளம்பினேன். காரணம் பலா இல்லை. அவர் வீட்டு விவகாரம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எழுபத்திரெண்டு வயசு. சாத்தனூருக்கு அந்தப் பக்கம் ரெண்டு ஏக்கர் நிலம். பெரிய பிள்ளை, பிளாட் போட்டு விற்றுவிடலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பொங்கலுக்குள் சின்னவர் எதையாவது நட்டு 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்னால் நிலம் நிலமாக இருக்கும். இல்லாவிட்டால் தை மாசம் வெள்ளைக் கல்லை நட்டு, வளைவு கட்டி, ஏதாவது ஒரு 'நகர்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். (அந்த மாதிரி நகர்களில் மனுஷன் குடியேறி நான் அதிகம் பார்த்ததில்லை. ஆடுதான் மேய்கிறது.)

சென்னையிலிருந்து திருச்சி பஸ்ஸில் ஏறினால் பெரம்பலூர். 1995 வரைக்கும் இதெல்லாமே திருச்சி மாவட்டம். அந்த வருஷம் பெரம்பலூரைத் தனியாகப் பிரித்தார்கள். 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் திரும்ப ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். இத்தனை தடவை பிடுங்கி நட்டால் எந்தக் கன்றும் கருகிப் போயிருக்கும். மாவட்டமாக இருக்கப் போய் பிழைத்தது.

பைபாஸில் சொன்னபடி வண்டி நின்றது. மினி லாரி நிறைய மா, கொய்யா, சப்போட்டா, நடுவில் பலா. ஒவ்வொரு கன்றின் கழுத்திலும் அந்தப் போட்டோ அட்டை.

"தம்பி, இது எந்தத் தாய் மரத்துலேர்ந்து ஒட்டுக் கட்டினது?" என்றேன்.

"தாய் மரம் வியட்நாம்ல இருக்கு சார்" என்றான் பையன், கொஞ்சமும் அசராமல்.

விசா எடுத்துப் போய் பார்க்க முடியாது. கன்றையாவது பார்ப்போம் என்று குனிந்தேன். பலாக்கன்று வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்க்கக் கூடாது, தண்டைத்தான் பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரியணும். அடித் தண்டும் மேல் தண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கெட்டியாகியிருக்கணும். சில இடங்களில் வெறும் கொட்டைச் செடிக்கே பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி ஒட்டு என்று தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. நாடாவை மெள்ள விலக்கினால் சமாசாரம் வெளிவந்துவிடும். தழும்புக்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அது ஒட்டின் துளிர் இல்லை, அடிச்செடியின் துளிர். அதைக் கிள்ளாமல் விட்டால் அது மேலே வந்து, நாம் காசு கொடுத்து வாங்கிய மாப்பிள்ளையை ஓரம் கட்டிவிட்டு வேறு யாரோ தாலி கட்டிவிடுவார். பையைத் தூக்கிப் பார்த்தேன். பல கன்றுகளில் வேர் பைக்குள்ளேயே முறுக்கு மாதிரி சுற்றியிருந்தது. பலாவுக்கு ஆணிவேர்தான் உயிர். அது பையிலேயே சுற்றிக்கொண்டால் மண்ணுக்குப் போன பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

"சார், இது எங்க வெச்சாலும் வரும் சார்!" என்றான் பையன்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் நம்புவதில்லை. மரமோ மருமகளோ, எங்கே வைத்தாலும் வரும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"நிலத்தைப் பாத்துட்டு வர்றோம்ப்பா" என்று நண்பரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொட்டை போட்டே வளர்த்துடலாமா சார்? காசு மிச்சம்" என்றார் ஆட்டோவில்.

வளர்க்கலாம். ஆனால் அது லாட்டரி. பலா, மகரந்தத்தை அக்கம்பக்கத்து மரங்களிலிருந்தெல்லாம் வாங்கிக்கொள்ளும். அம்மா மரத்தின் சுளை தேனாக இருக்கும். அதன் கொட்டையைப் போட்டால் பிள்ளை சவசவ. பலாவில் ரெண்டு ஜாதி தெரியும்தானே? கடித்தால் கறுக்கென்று முறிகிற வருக்கை, வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடுகிற கூழன். வருக்கைக் கொட்டையிலிருந்து கூழன் முளைக்கலாம். ஏழெட்டு வருஷம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் யார் வந்திருக்கிறார் என்பதே தெரியும். ஒட்டுச் செடி என்றால் மூணு நாலு வருஷத்தில் காய் பார்க்கலாம், அம்மா குணமும் அப்படியே வரும்.

சாத்தனூரைத் தாண்டும்போது நண்பர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி கல்மரத்தைக் காட்டினார். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம், கல்லாகிக் கிடக்கிறது. ஏறக்குறைய 12 கோடி வருஷத்துக்கு முந்தினது. 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் என்ற புவியியலாளர் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அரியலூர் பக்கம் தோண்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடைக்கிறது. வாரணவாசியில் அதற்கென்று மியூசியமே கட்டியிருக்கிறார்கள். அந்தச் சிப்பியும் சுண்ணாம்பும்தான் இன்றைக்கு அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலைகள் நிற்கக் காரணம்.

நான் டூரிஸ்ட் கைடு வேலை பார்ப்பதாக நினைக்காதீர்கள். பலா விஷயத்துக்கும் இந்தக் கடலுக்கும் சம்பந்தம் இருக்கிறது. இதோ வருகிறேன்.

பெரியவர் களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தார். துண்டை உதறிப் போட்டு, "வாங்க தம்பி" என்றார். நிலம் முழுக்க நல்ல கன்னங்கரேல் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. (செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்கு 2025-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதே சமயத்தில்தான் பண்ருட்டிப் பலாவுக்கும் கிடைத்தது. ரெண்டு ஊர்க்காரர்களும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

ஓரமாய் ஒரு முழங்கை ஆழத்துக்குக் குழி எடுக்கச் சொன்னேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒருதரம் குடித்து முடித்ததும் மறுபடி ஊற்றினோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தண்ணீர் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்தோம், இருந்தது. ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தோம், அப்போதும் மினுக்கென்று சிரித்தது. காலையில் குழியின் அடி மண்ணை ஒரு பிடி எடுத்து உலர்த்தி, மளிகைக் கடையில் வாங்கிய வினிகரைச் சொட்டினேன். புஸ்ஸென்று சோடா மாதிரி நுரைத்தது. அடியில் சுண்ணாம்பு. பழைய கடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது!

"அப்ப வராதா சார்?" என்றார் நண்பர், பரீட்சை ரிசல்ட் பார்க்கிற குரலில்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் சொன்னார்: "கரிசல்ல பலா வெக்கிறதாவது! ஐப்பசியில தண்ணி நின்னு வேரு அழுவும். சித்திரையில பூமி வெடிச்சு வேரு அறுந்துபூடும். மீறி நின்னுச்சுன்னா எலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும்."

"அப்பா! இதை நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"என்னைய யார்றா கேட்டா? நீ போன்லதான கேட்டுக்கிட்டிருந்த."

சோம்பல்படாமல் ஒரு வேலை செய்தால் இந்தப் பேச்சையே தவிர்க்கலாம். மண்ணை எடுத்துக்கொண்டு போய் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். ரெண்டு மாவட்டத்திலும் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. பெரம்பலூருக்கு வாலிகண்டபுரத்தில், அரியலூருக்கு சோழமாதேவியில். ஆதார் கார்டுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதி போதும்.

அங்கே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நண்பர் கேட்ட கேள்விதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. "மண்ணை விடுங்க சார். இந்த வெயிலுக்கே பலா தாங்காதுன்னு எங்க மேனேஜர் சொல்றாரு. அது கேரளா மரமாமே?"

மேனேஜர் சொன்னதில் பாதி நிஜம். பலா மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர்தான். கேரளாவில் 2018-ல் அதை மாநிலப் பழமாகவே அறிவித்தார்கள். ஆனால் மேனேஜர் ஒரு முறை பண்ருட்டிக்குப் போய்விட்டு வரலாம். அது என்ன மூணாறா? அக்கினி நட்சத்திரத்தில் அங்கேயும் தார் ரோடு உருகுகிறது. ரோட்டு ஓரத்தில் பழம் மலை மலையாய்க் குவிந்து கிடக்கிறது. மழையைச் சொல்வீர்கள். கடலூர் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர், பெரம்பலூரில் அதைவிடக் குறைச்சல். சரி, கர்நாடகாவில் துமகூருக்குப் போங்கள். பெரம்பலூரை விட மழை கம்மி. அங்கே வீட்டுக்கு வீடு பலா. 'சித்து' என்று சிவப்புச் சுளை ரகம் ஒன்று பிரபலமாகியிருக்கிறதே, அது அந்த மாவட்டத்துச் சேளூரில் ஒரு விவசாயி வீட்டு ஒற்றை மரத்திலிருந்து வந்தது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கண்டெடுத்து ஒட்டுக் கட்டிக் கொடுத்தது. துமகூர் மேட்டுப் பூமி, வெயில் நம்ம ஊர் அளவு வாட்டாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் மழை குறைச்சல் என்பதற்காகப் பலா கோபித்துக்கொள்வதில்லை. ஆணிவேர் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் அது தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். இறங்குகிற வரைக்கும் நாம் தேடிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு வேர் இறங்குகிற மண் வேண்டும். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் வழியாக ஒரு செம்மண் பட்டை ஓடி வருகிறது. அது மாவட்ட எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. முந்திரிக்காடு தெரிந்தால் அதுதான் அடையாளம். முந்திரி நிற்கிற மேட்டுச் செம்மண்ணில் பலா நிற்கும். என் அம்மா ஊரில் முந்திரித் தோப்புக்கு நடுவில் பலா நின்று பார்த்துத்தான் வளர்ந்தேன்.

"ஆண்டிமடம் பக்கமா?" என்று நண்பர் குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா வழியில அங்க அறுபது சென்ட் இருக்கு சார். அம்மாவுக்குன்னு தாத்தா எழுதினது."

கட்டிலில் சத்தமே இல்லை. பெரியவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். மாடு அரை மணிக்கு முன்னால்தான் குடித்தது.

விஷயம் இதுதான். அந்த அறுபது சென்ட்டில் வேலி எங்கே போட வேண்டும் என்பதில் பெரியவருக்கும் அவருடைய மச்சானுக்கும் தகராறு. பேச்சு நின்று பதினொரு வருஷம் ஆகிறது. நடுவில் நண்பரின் அம்மா இறந்தபோது மச்சான் வந்து மாலை போட்டுவிட்டு, ஒரு வாய் காபி குடிக்காமல் போனவர்.

அன்று சாயந்திரம் வரை பெரியவர் யாரிடமும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, ஒட்டுன்னா எத்தினி வருசத்துல காய்க்கும்?"

"மூணு நாலு வருஷம் ஐயா. நல்லா விளைச்சல்னு சொல்ல எட்டு பத்து வருஷம் ஆகும்."

விரல் விட்டு என்னமோ எண்ணினார். "சரி, அவன்கிட்ட நீங்களே பேசுங்க" என்றார். அவன் என்றால் மச்சான்.

ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம் போனோம். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கங்கைத் தண்ணியைக் குடத்தில் கொண்டுவந்து சோழகங்கம் ஏரியில் ஊற்றினான் என்கிறது வரலாறு. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த சீமையில் பன்னிரண்டு கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்று நண்பர் புலம்பிக்கொண்டே வந்தார். அந்தப் புலம்பல் நியாயமானது. சென்னையில் இருந்துகொண்டு போனில் தண்ணீர் பாய்ச்ச முடியாது. 'வீக்எண்ட் விவசாயம்' என்று இப்போது ஒரு ஃபேஷன். வெயிலுக்கு வீக்எண்ட் தெரியாதே!

மச்சான் எதிர்பார்த்த மாதிரி முறைக்கவில்லை. மருமகனைப் பார்த்ததும், "வாடா" என்று சொல்லி முதலில் சோறு போட்டார். பிறகு தோப்பைக் காட்டினார். முந்திரிக்கு நடுவே தாராளமாய் இடைவெளி. அங்கேயும் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினோம். வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் குழி காலி. வினிகர் ஊற்றினேன், மண் சும்மா இருந்தது.

"பலா வெக்கிறதுன்னா வெச்சுக்குங்க" என்றார் மச்சான். "ஆனா ஆட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

அனுபவஸ்தர்! பலாவுக்கு எதிரி வெயில் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆட்டுக்குப் பலா இலை என்றால் நமக்குப் பிரியாணி மாதிரி. புத்தகத்தில் தண்டு துளைப்பான் வண்டு, பூ அழுகல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். நாலு கால், ரெண்டு கொம்பு, ஒரு தாடியோடு வருகிற பூச்சியைப் பற்றி எழுதவே மாட்டார்கள்.

கன்றுக்கு பாலூர் போனோம். கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் இருக்கிறது பாலூர். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம். காய்கறி நிலையம் என்று பெயர் வைத்துக்கொண்டு 1992-ல் 'பாலூர் 1' என்று பலா ரகத்தை வெளியிட்டவர்கள். பண்ருட்டிக்குப் பக்கத்துப் பணிக்கன்குப்பத்தில் இருந்த மரத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. இதில் ஒரு விசேஷம், கோடையில் ஒரு தரம் காய்த்துவிட்டு, ஐப்பசி கார்த்திகை வாக்கில் இன்னொரு தரமும் காய்க்கும். ஊரெல்லாம் பழம் நாறுகிற வைகாசியில் பலாவுக்கு விலை இருக்காது, சும்மா கொடுத்தாலும் 'வேணாம் மாமி, நேத்துதான் சாப்பிட்டோம்' என்று கதவைச் சாத்துவார்கள். பருவம் தப்பி வருகிற பழத்துக்குத்தான் மவுசு. (கன்யாகுமரி பக்கத்தவர்களுக்கு 'பேச்சிப்பாறை 1', 1996-ல் வந்தது. அவர்களுக்கு மழை இருக்கிறது, அவர்கள் கதை வேறு.)

பாலூர் 1-ல் பத்து வாங்கினோம். நண்பர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வியட்நாமும் ரெண்டு, தழும்பு பார்த்து, வேர் பார்த்து ஒரு நர்சரியில் வாங்கினோம். அந்த ரகம் சீக்கிரம் காய்ப்பது பொய்யில்லை. ஆனால் அது தண்ணியும் எருவும் தவறாமல் கிடைக்கிற இடத்தில் காட்டுகிற வித்தை. வறண்ட பூமியில் குழந்தைச் செடியில் காய் விட்டால் செடிதான் இளைக்கும். முதல் பிஞ்சுகளைக் கிள்ளி எறிய மனசு கல்லாக வேண்டும். சாத்தனூர்க்காரருக்கு அது சாத்தியம் என்று நினைத்தேன்.

ஏக்கருக்கு நாற்பது, எண்பது, இருநூறு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். எட்டு மீட்டருக்கு எட்டு மீட்டர் என்பதுதான் சிபாரிசு. கணக்குப் போட்டால் ஏக்கருக்கு அறுபத்து மூன்று. முந்திரிக்கு நடுவே எங்களுக்குப் பன்னிரண்டுதான் அடங்கியது. ஒரு மீட்டர் நீள, அகல, ஆழக் குழி. மேல் மண்ணோடு தொழு உரம் கலந்து நிரப்பி, ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டோம். தழும்பைப் புதைத்தால் ஒட்டுப் போட்டதே வீண். புரட்டாசி கடைசியில் நட்டதால் ஐப்பசி மழை பூராவும் கன்றுக்குக் கிடைத்தது. சில பேர் சித்திரையில் லீவு கிடைக்கிறது என்று சித்திரையில் நடுகிறார்கள். லீவு நமக்கு, தண்டனை கன்றுக்கு.

கோடைக்கு மச்சான் ஒரு ஏற்பாடு சொன்னார். ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு மண் பானையைக் கழுத்து வரை புதைத்து, அடியில் துளை போட்டு துணித் திரி. பானையில் ஊற்றினால் தண்ணீர் மேல் மண்ணில் காயாமல் கீழே கசிந்துகொண்டே இருக்கும், வேரும் அதைத் தேடிக் கீழே போகும். மேலே முந்திரிச் சருகால் மூடாக்கு. மேற்கு வெயில் படாமல் பனை ஓலைத் தட்டி. சுற்றிலும் கருவேல முள். சொட்டு நீருக்கு அரசு மானியம் உண்டு. சிறு, குறு விவசாயி என்று தாசில்தாரிடம் சான்று வாங்க வேண்டும். நண்பர் அதற்கு மனு எழுதினார். அவருக்குப் பிடித்த வேலை அது, மூணு பிரதி எடுத்தார்.

பாக்கி இருந்தது ஒரே கேள்வி. பானைக்குத் தண்ணி ஊற்றுவது யார்? மச்சானுக்கு முழங்கால் வலி.

தை பிறந்ததும் பெரியவர் ஒரு டிரங்குப் பெட்டியும் பால் குடிக்க ஒரு வெள்ளாடும் பிடித்துக்கொண்டு ஆண்டிமடத்துக்கு வந்து இறங்கிவிட்டார். பெண் எடுத்த வீட்டில் போய், அதுவும் பெண்டாட்டி போன பிறகு, அதுவும் பதினொரு வருஷம் பேசாத மச்சான் வீட்டில்! வாசலில் நின்று, "வைகாசி வரைக்கும்தான்" என்றாராம். "உள்ள வாங்க மாமா" என்று மச்சான் வழி விட்டாராம். அவ்வளவுதான் சமாதானப் பேச்சுவார்த்தை. இதே விஷயத்துக்கு எங்கள் ஆபீஸாக இருந்தால் ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள்.

கரிசல் காட்டை அண்ணன் விற்கவில்லை. தம்பி பலா நட்டிருக்கிறான், அது வேறு மாவட்டத்தில் இருந்தாலும் வாக்கு வாக்குதான் என்று பெரியவர் சொல்லிவிட்டார். இந்த வருஷம் குத்தகைக்கு மக்காச்சோளம். அண்ணன் வாங்கிய வெள்ளைக் கற்கள் மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கின்றன. நல்ல கற்கள், துணி துவைக்க உபயோகமாகின்றன.

நண்பருக்கு இப்போதே அடுத்த கவலையைச் சொல்லி வைத்திருக்கிறேன். ரெண்டு மூணு வருஷம் கழித்து ஒரு நாள் பதறிக்கொண்டு போன் வரும்: 'சார், பிஞ்செல்லாம் கறுத்து உதிருது!' பதற வேண்டாம். பலாவில் ஆண் பூ வேறே, பெண் பூ வேறே. ஒரே மரத்தில்தான் ரெண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் ஆண் பூதான் வரும். விரல் நீளத்துக்குப் பிஞ்சு மாதிரியே இருக்கும். மகரந்தத்தைக் கொட்டிவிட்டுக் கரித்துணி மாதிரி கறுத்துக் கீழே விழும். அதுதான் அவர் டியூட்டி. மருந்துக் கடைக்காரர் இதைக் காட்டி நாலு பாட்டில் விற்றுவிடுவார், ஜாக்கிரதை. பெண் பூ அடிமரத்திலும் தடித்த கிளையிலும் கெட்டியான காம்போடு வரும், அதுதான் உட்காரும்.

"காய்க்காட்டி?" என்றார் நண்பர்.

"மரத்துக்கு விலை உண்டு. மிருதங்கமும் வீணையும் பலா மரத்திலேதான் செய்யறாங்க. தஞ்சாவூர் வீணைக்குப் பலாதான்."

"அதுக்கு எவ்வளவு வருஷம் ஆகும்?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூரில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த மரங்கள் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. முந்திரியும் அப்படியே. மறுநாள் காலையில் அங்கே நின்ற விவசாயிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு அடுத்த மழைக்குக் கன்று வாங்கப் போனார்கள்.

போன சித்திரையில் வெயில் தலையைப் பிளந்த ஒரு நாள் நண்பர் என் மேஜைக்கு வந்தார். பன்னிரண்டில் பதினொன்று துளிர்த்திருக்கிறதாம். போனது ஒரு வியட்நாம்.

"வெயிலா?"

"ஆடு சார்."

"வேலி போட்டிருந்தீங்களே?"

"வெளி ஆடு இல்லை. எங்கப்பா கொண்டு போன ஆடு."

மாமா அதை விடுவாரா? காலையில் காபி குடிக்கும்போது ஒரு தரம், ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு தரம் சொல்லிக் காட்டுகிறாராம். கடைசியில் ஆட்டை மட்டும் பெரம்பலூருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அப்பா?"

"அப்பா அங்கதான் இருக்காரு. காலியான குழியில பலாக்கொட்டை போட்டிருக்காராம். பறிச்ச சூட்டோட போட்டாத்தான் முளைக்கும்னு மாமா பண்ருட்டிக்கே போய் நல்ல வருக்கையா ஒண்ணு வாங்கிட்டு வந்தாராம். கொட்டைன்னா ஏழெட்டு வருஷம் ஆகும்ப்பான்னு போன்ல சொன்னேன் சார்."

"என்ன சொன்னாரு?"

"தண்ணி ஊத்தற நேரத்துல போன் பண்ணாதேன்னு வெச்சுட்டாரு."